நிலம் யார் பெயரில்?

முதல் வாரம் வகுப்பில் நான் புத்தகப் பட்டியல் கொடுப்பதில்லை. "வீட்டிலிருந்து ஒரு காகிதம் கொண்டு வாருங்கள்" என்பேன். அரசாங்கமோ கம்பெனியோ உங்கள் குடும்பத்துக்குக் கொடுத்த ஏதாவது ஒரு பழைய காகிதம். காட்ட விருப்பமிருந்தால் மட்டும். அடுத்த வகுப்பில் மேசை நிறைந்துவிடும். குடியுரிமை கிடைக்காத தாத்தாவின் சிவப்பு அடையாள அட்டையின் நகல், பால் மரம் சீவிய பாட்டியின் சம்பளச் சீட்டு, லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி வக்கீல் அனுப்பிய கடிதம் என்று வந்து சேரும். ஒரு வருடம் மலாய் மாணவி ஒருத்தி, ஃபெல்டா குடியேற்றத்தில் தன் தாத்தாவுக்கு நிலம் ஒதுக்கிய கடிதத்தைக் கொண்டு வந்தாள். கம்பார் பக்கத்துச் சீனப் பையன் புதுக்கிராமத்து வீட்டுக்கான தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தைக் கொண்டு வந்தான். எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்பிவிட்டு ஒரு கேள்வி கேட்பேன்: உங்கள் குடும்பம் குடியிருந்த நிலம் யார் பெயரில் இருந்தது?

அரசியலும் உலக வளர்ச்சியும் என்று பாடத்துக்குப் பெரிய பெயர் வைத்திருக்கிறோம். மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் இந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

1948 ஜூன் 16 காலை, சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டிக் கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிராகப் பிரகடனமான அவசரகாலம் 1960 வரை நீடித்தது. 1950இல் வந்த பிரிக்ஸ் திட்டம் காட்டோரத்தில் பயிர் செய்து பிழைத்த சீனக் குடும்பங்களைப் பிடுங்கி, முள்வேலி போட்ட புதுக்கிராமங்களில் கொண்டுபோய் வைத்தது. கொடுமையான இடப்பெயர்வு அது. ஆனாலும் அங்கே அவர்கள் பெயரில் ஒரு மனை வந்தது, ஓர் உரிமச் சீட்டு வந்தது. 1956இல் அரசாங்க நில மேம்பாட்டு நிறுவனமான ஃபெல்டா பிறந்தது; நிலமில்லாத குடியானவர்களுக்குக் குடும்பத்துக்குச் சுமார் 10 ஏக்கர் என்று ரப்பரும் பின்னால் செம்பனையும் நட்டுக் கொடுத்தது. குடியேறியவர்கள் பெரும்பாலும் மலாய்க்காரர்கள். தோட்டத்துத் தமிழர்களுக்கு நடந்தது வேறு. சிதறிக் கிடந்த லயங்களைத் தோட்டத்துக்குள்ளேயே ஒன்றுசேர்த்து வேலி போட்டார்கள். நிலம் கம்பெனி நிலமாகவே இருந்தது. அவசரகாலம் முடிந்தபோது வேலியைப் பிரித்தார்கள். நம் கைக்கு நிலத்துக்கான எந்தக் காகிதமும் வரவில்லை.

ஃபெல்டா கடிதம், புதுக்கிராமத்து உரிமம், லயத்தைக் காலி செய்யச் சொன்ன வக்கீல் கடிதம் மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது மாணவர்களின் முகம் மாறுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். ஒரே காலம், ஒரே அச்சம், ஒரே அரசாங்கம். மூன்று இனத்துக்கும் மூன்று விதமான நிலம். இதில் யாருடைய உழைப்பும் சோம்பலும் கிடையாது. எங்கோ ஓர் அலுவலகத்தில் எடுத்த முடிவுகள்தான்.

காகிதம் இல்லாததன் பலன் அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு நீண்டது. தோட்டம் தனியார் நிலம். ஆகவே கிராமப்புற மேம்பாட்டுக்கு ஒதுக்கிய பணம் தோட்டத்து வாசலோடு நின்றுவிடும். தார்ச்சாலையும் குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் கம்பெனியின் பொறுப்பு என்று சொல்லிவிடலாம். கம்பெனி தனக்கு வசதிப்பட்டபோது செய்யும். வீடு வேலையோடு கட்டுண்டது. வேலையிலிருந்து ஓய்வு பெறும் அன்று வீட்டையும் விட வேண்டும், பிள்ளைகளில் ஒருவராவது அதே தோட்டத்தில் பேர் பதிந்தால் ஒழிய. பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டு வாளி தூக்கியதற்குக் காரணம் கேட்டால் "படிப்பில் அக்கறை இல்லாத சமுதாயம்" என்று மேடையில் பேசுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வீட்டைத் தக்கவைக்கத்தான் மூத்த பிள்ளை சீவப் போனான் என்பதை அவர்கள் கேட்டதே இல்லை போலும். நாட்டின் ஏற்றுமதிக் கணக்கில் தோட்டத்து மக்கள் ஒவ்வோர் ஆண்டும் இருந்தார்கள். மேம்பாட்டுக் கணக்கில்தான் இல்லை.

நான் பிறந்தது சுங்கை சிப்புட்டுக்கும் கோலகங்சாருக்கும் நடுவிலிருந்த ஒரு தோட்டம். கோலகங்சார் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் நிற்கும் பழைய ரப்பர் மரத்தைப் பள்ளிச் சுற்றுலாவில் காட்டுவார்கள். 1877இல் பேராக்கின் பிரிட்டிஷ் ஆலோசகராக இருந்த ஹியூ லோ நட்ட கன்றுகளில் மிஞ்சியது அது. அந்த மரத்தை வேலி கட்டிப் பாதுகாக்கிறார்கள், பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். அதைச் சீவக் கடல் தாண்டி வந்தவர்களைப் பற்றி அந்தச் சுற்றுலாவில் யாரும் ஒரு வார்த்தை சொன்னதாக எனக்கு நினைவில்லை. அப்பா விடியுமுன்னே பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய்விடுவார். அம்மா ஆயாக்கொட்டகையில் தம்பியை விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடுவார். ஆறாம் படிவம் ஈப்போவில் முடித்து, மலாயாப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது அம்மா கேட்டது இதுதான்: "அரசியல் படிச்சு என்னம்மா செய்வ? வக்கீலுக்குப் படிக்கக்கூடாதா, நம்மாளுங்களுக்குத் தேவைப்படுதே."

அம்மா கேட்டது நியாயம். அதற்குப் பதில் எனக்கு அந்தப் பல்கலைக்கழக நூலகத்தில்தான் கிடைத்தது. அங்கே உங்கு அசிஸ் தலைமையில் பொருளாதாரத் துறை தயாரித்த, 1962இல் வெளிவந்த ஓர் அறிக்கை இருந்தது. 1951 முதல் 1960 வரை மலாயாவில் தோட்டங்கள் துண்டாடப்பட்டதைப் பற்றிய ஆய்வு. சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றபோது, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். வேலையும் வீடும் போய், சாமான் மூட்டையோடு குடும்பங்கள் வெளியேறின. எங்கள் தாத்தா "தோட்டத்தத் துண்டு போட்டுட்டாங்க, அதான் இங்க வந்தோம்" என்று ஒரே வரியில் சொல்லி முடிக்கும் கதை அங்கே அட்டவணைகளாக இருந்தது: எத்தனை ஏக்கர், யார் விற்றார், யார் வாங்கினார், எத்தனை பேருக்கு வேலை போயிற்று. தலைவிதி என்று வீட்டில் கேட்டு வளர்ந்த ஒன்றை வாங்கல் விற்றல் கணக்காகப் படித்தபோது எனக்குக் கோபமும் தெளிவும் ஒன்றாக வந்தன. வக்கீல் ஒரு குடும்பத்தின் வழக்கை நடத்துவார். இந்தப் படிப்பு ஆயிரம் குடும்பங்களுக்கு ஒரே வழக்கு ஏன் வந்தது என்று காட்டும். அம்மாவிடம் அப்படித்தான் சொன்னேன். ஏற்றுக்கொண்டாரா தெரியாது, பணம் மட்டும் தவறாமல் அனுப்பினார்.

அந்தத் துண்டாடலுக்கு நம்மவர்கள் கண்ட பதிலையும் நான் விரிவாகவே பாடம் நடத்துகிறேன். சுங்கை சிப்புட்டில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அமைச்சராக இருந்தவர் தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளர்களின் சம்பளத்திலிருந்து சிறுசிறு தொகையாகச் சேர்த்து, விற்பனைக்கு வந்த தோட்டங்களைத் தொழிலாளர்களே பங்குதாரர்களான அந்தச் சங்கத்தின் பெயரில் வாங்கினார். உலகின் எந்த வளர்ச்சிப் பாடநூலிலும் இடம்பெற வேண்டிய முயற்சி இது. வங்காளதேசத்து நுண்கடனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் மாணவர்கள், தங்கள் பாட்டி அந்தச் சங்கத்தில் பங்குதாரர் என்பதை அந்தப் பழைய பங்குப் புத்தகத்தைக் கொண்டு வரும்போதுதான் அறிகிறார்கள். துண்டாடலின் வேகத்துக்கு அந்தச் சங்கத்தால் முழுக்க ஈடுகொடுக்க முடியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். சில்லறைச் சேமிப்பைக் கொண்டு பெருமூலதனத்தோடு ஏலத்தில் நிற்பது எவ்வளவு கடினம் என்பதும் பாடம்தான்.

1981 செப்டம்பர் 7ஆம் தேதியை நாட்டின் பொருளாதார விடுதலை நாளாகவே சிலர் கொண்டாடுவார்கள். அன்று காலை லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்துக்குள் வெள்ளைக்காரத் தோட்டக் கம்பெனியான கத்ரியின் பெரும்பான்மைப் பங்குகளை மலேசியாவின் தேசிய முதலீட்டு நிறுவனம் தன் வசமாக்கிக்கொண்டது. காலனிய முதலாளி போனான், நிலம் நாட்டின் கைக்கு வந்தது. எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் வகுப்பில் நான் கேட்பது, மறுநாள் பிரட்டில் என்ன மாறியது என்று. லயத்து வீடு அதேதான், கிராணியின் பேரேடு அதேதான், நாள் கூலி அதேதான். இலங்கை மலையகத்திலும் இதுவேதான் கதை. 1972இலும் 1975இலும் அங்கே தோட்டங்களை அரசுடைமை ஆக்கினார்கள். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்கள் அதே லயன் அறைகளில்தான் இருந்தார்கள். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் காணியுரிமை என்று இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். முதலாளி யார் என்பது ஒரு கேள்வி, குடியிருப்பவனுக்கு என்ன உரிமை என்பது வேறு கேள்வி. முதலாவதற்குப் பதில் கிடைத்துவிட்டால் இரண்டாவதற்கும் கிடைத்துவிட்டது என்று நினைக்க வைப்பது அரசியல்.

களப்பணியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் தொழிலின் பாதி அதுதான். ராபர்ட் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1983இல் எழுதிய கிராமப்புற வளர்ச்சி நூலில், வெளியிலிருந்து போகிறவர்கள் வறுமையை ஏன் பார்க்கத் தவறுகிறார்கள் என்று விளக்கியிருக்கிறார். தார்ச்சாலையோரத்தை மட்டும் பார்ப்பார்கள், மழையில்லாத மாதத்தில் போவார்கள், திட்டம் நடக்கும் இடத்துக்குப் போவார்கள், தலைவர்களிடமும் ஆண்களிடமும் பேசுவார்கள். பேராக்கில் இந்த நான்கும் அப்படியே பொருந்தும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போகிறவருக்குச் செம்பனை நிரைகள் மட்டும்தான் தெரியும். உள்ளே ஐந்தாறு கிலோமீட்டர் செம்மண் பாதையில், மூடிய தோட்டத்தின் பழைய லயத்தில் நாலைந்து குடும்பங்கள் இன்னும் குடியிருப்பது தெரியாது. அதனால் எங்களுக்குச் சில விதிகள் உண்டு. தோட்ட அலுவலகம் தரும் பெயர்ப் பட்டியலோடு மட்டும் போகக்கூடாது. கோயில் தலைவரைப் பார்த்து வணக்கம் சொல்ல வேண்டும், ஆனால் அவரோடு முடித்துக்கொள்ளக்கூடாது. மழைக்காலத்தில் ஒருமுறையாவது போக வேண்டும். வாசலில் பேசி முடித்த பிறகு பின்கட்டுக்குப் போய், சமைத்துக்கொண்டிருக்கும் அக்காவிடமும் பாட்டியிடமும் உட்கார்ந்து பேச வேண்டும்.

"மாத வருமானம் எவ்வளவு?" என்று கேட்பதை நான் தடை செய்திருக்கிறேன். அந்தக் கேள்விக்கு யாரும் உண்மை சொல்வதில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. கடையில் இந்த மாதம் கணக்கு எவ்வளவு நிற்கிறது, பள்ளி வேனுக்கு எவ்வளவு, மின்சார மீட்டர் யார் பெயரில், வீட்டில் யாருக்கெல்லாம் குடிமக்களுக்கான நீல அட்டை இருக்கிறது, யாருக்கு இல்லை என்று கேட்டால் போதும். மீட்டர் கம்பெனி பெயரில் இருந்தால் மீதிக் கதை தானாக வரும். அடையாள அட்டைக் கேள்வியில் சில வீடுகளில் மௌனம் விழும். வீட்டிலேயே பிறந்து, பதியாமல் விட்ட பிள்ளை, இன்று பேரன் எடுத்த வயதிலும் நாடற்றவராக இருப்பார். 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது சுமார் 60,000 பேர் கப்பலேறி இந்தியா போனார்கள் என்று வரலாற்று நூல்களில் படிக்கிறோம். போகாமல் தங்கிவிட்டவர்களின் பிள்ளைகளை இந்தப் பின்கட்டுகளில்தான் சந்திக்கிறோம். அப்படி ஒருவரைக் கண்டால் ஆய்வை நிறுத்திவிட்டுப் பதிவிலாகா விண்ணப்பத்துக்கு வழி சொல்லிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். இதுவும் விதி. கண்டதை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, கோயில் மண்டபத்தில் அந்த மக்களுக்கே படித்துக் காட்டுவதும் விதி.

கெடாவின் ஒரு நெல் கிராமத்தில் ஜேம்ஸ் ஸ்காட் 1978 முதல் 1980 வரை தங்கி எழுதிய நூலை உலகெங்கும் அரசியல் மாணவர்கள் படிக்கிறார்கள். அறுவடை இயந்திரம் வந்து ஏழைகளின் வேலையைப் பறித்தபோது அவர்கள் எப்படிச் சத்தமில்லாமல் எதிர்த்தார்கள் என்பது அதன் விஷயம். அதுபோல ஒரு நூல் பேராக்கின் பால்வெட்டுக்காரர்களைப் பற்றி நம் பிள்ளைகளில் ஒருவர் எழுத வேண்டும் என்பது என் ஆசை. எழுதக்கூடியவர்களை எனக்குத் தெரியும்.

2019 ஆகஸ்டில் ஐக்கிய நாடுகள் சபையின் வறுமை ஆய்வாளர் பிலிப் ஆல்ஸ்டன் மலேசியாவுக்கு வந்தார். வறுமை 0.4 விழுக்காடுதான் என்று அரசாங்கம் சொல்லிவந்த கணக்கு நடைமுறைக்குப் பொருந்தாது என்று வெளிப்படையாகச் சொன்னார். மாதம் 980 ரிங்கிட்டில் ஒரு குடும்பம் வாழ்ந்துவிடும் என்ற வறுமைக் கோட்டின் மேல் நின்ற கணக்கு அது. முதலில் மறுத்தார்கள். 2020 ஜூலையில் கோட்டை 2,208 ரிங்கிட்டுக்கு உயர்த்தினார்கள். 2019ஆம் ஆண்டின் வறுமை 5.6 விழுக்காடு ஆயிற்று. அந்தச் செய்தி வந்த வாரம், ஈப்போவின் புந்தோங்கில் மலிவுவிலை அடுக்குமாடியில் வளர்ந்த மாணவி ஒருத்தி கேட்டாள்: "டாக்டர், அப்படின்னா எங்க வீடு இத்தனை வருஷம் ஏழை இல்லையா? எங்களுக்கு உதவித்தொகை மறுத்தது இந்தக் கோட்டாலயா?" அவள் குடும்பம் தோட்டம் விற்கப்பட்டபோது ஈப்போவுக்கு வந்தது. அப்பாவும் அம்மாவும் சேர்ந்து சம்பாதித்தது பழைய கோட்டுக்குக் கொஞ்சம் மேலே. நான் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. அந்த 980 எப்படி வந்தது, உணவுக்கு எவ்வளவு என்று வைத்தார்கள், வாடகைக்கு எவ்வளவு என்று தேடிக் கண்டுபிடித்து அடுத்த வாரம் நீயே வகுப்பெடு என்றேன். எடுத்தாள். அதைவிடச் சிறந்த வகுப்பை அந்த ஆண்டு நான் எடுக்கவில்லை.

நான் படித்த காலத்தில் பல்கலைக்கழக மாணவர்கள் அரசியல் படிக்கலாம், சட்டப்படி அதைச் செய்யக்கூடாது. அந்தச் சட்டத்துக்குப் பின்னாலும் ரப்பர்தான் இருக்கிறது. 1974இல் ரப்பர் விலை விழுந்து, கெடாவின் பாலிங் வட்டாரத்துச் சிறு தோட்டக்காரர்கள் பசியோடு வீதிக்கு வந்தார்கள். அவர்களுக்காகக் கோலாலம்பூரில் மாணவர்கள் திரண்டார்கள், பலர் கைதானார்கள். அடுத்த ஆண்டே 1971ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டத்தை இறுக்கினார்கள். கட்சி, சங்கம், கூட்டம் எதிலும் மாணவர்கள் தலையிட முடியாதபடி ஆயிற்று. நாங்கள் தேர்தல் முறைகளை ஒப்பிட்டுக் கட்டுரை எழுதிவிட்டு, ஊர்த் தேர்தல் கூட்டத்துக்குப் போகப் பயந்தோம். 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடை அரசியல் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. 2012இலும் 2018 டிசம்பரிலும் சட்டத்தைத் திருத்தினார்கள். இன்று 18 வயதில் வாக்கும் உண்டு. மாணவர்கள் அரசியலில் ஈடுபடும் உரிமை பாலிங்கில் பசித்தவர்களுக்காகக் குரல் கொடுத்ததால் பறிபோனது என்று என் மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்கிறேன்.

சுங்கை சிப்புட் தேர்தல்களைப் பற்றி வகுப்பில் சூடு பறக்கும். சம்பந்தனுக்குப் பிறகு 1974 முதல் 34 ஆண்டுகள் ஆளுங்கூட்டணியின் சாமிவேலு வைத்திருந்த தொகுதி. 2008 மார்ச்சில் ஈப்போவில் நுரையீரல் மருத்துவராக இருந்த சோசலிஸ்ட் கட்சியின் டாக்டர் மைக்கேல் ஜெயக்குமார் அங்கே வென்றார். இந்து உரிமைப் போராட்டத்தின் அலை என்று மாணவர்கள் எழுதுவார்கள். அந்தப் போராட்டத்தின் 2007 நவம்பர் 25 ஊர்வலம் இல்லாமல் அந்தத் தேர்தல் இல்லை என்பது சரிதான். ஆனால் அதற்கு முன்னே பல ஆண்டுகள் அந்த வட்டாரத்தில் அவரும் தோழர்களும் வீடு இழந்த குடும்பங்களோடும், மாதச் சம்பளம் கேட்ட தொழிலாளர்களோடும் உட்கார்ந்து மனு எழுதினார்கள். வாக்குச்சீட்டுக்குப் பின்னால் அந்த மனுக்களைப் பார்க்கத் தெரிந்தவர்தான் என் கணக்கில் அரசியல் மாணவர்.

பெற்றோர்கள் இன்றும் அம்மாவின் கேள்வியையே கேட்கிறார்கள், கல்விக் கடனை நினைத்துக் கவலையோடு. என் பழைய மாணவர்களில் சிலர் ஊராட்சி மன்றத்தில் திட்டமிடும் பிரிவில் இருக்கிறார்கள். தொழிற்சங்கத்தில், வங்கியில், நாளிதழில், தமிழ்ப்பள்ளியில் இருக்கிறார்கள். ஒருவன் நில அலுவலகத்தில் இருக்கிறான். மனு கொண்டு வரும் பாட்டியை உட்கார வைத்துப் பேசுகிறான் என்று ஊரில் சொல்கிறார்கள்.

நம்மவர்கள் விட்டு வந்த தோட்டத்து லயங்களில் இப்போது வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் நேப்பாளியரும் குடியிருக்கிறார்கள். நம் கொள்ளுத்தாத்தாக்களைக் கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டி வந்தார். இவர்கள் ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு வருகிறார்கள். 2020இல் மலேசியக் கையுறைக்கும் செம்பனை எண்ணெய்க்கும் அமெரிக்கச் சுங்கத்துறை தடை போட்டபோது உலகம் திரும்பிப் பார்த்தது இந்தக் கடனையும்தான். சில ஆண்டுகளுக்கு முன் மாணவி ஒருத்தியை ஒரு பழைய தோட்டத்துக்கு அனுப்பினேன். அங்கே மிஞ்சியிருந்த ஒரு தமிழ்ப் பாட்டியைப் பற்றி எழுதப் போனவள் அவள். பாட்டிதான் அவளைப் பக்கத்து லயத்துக்குக் கூட்டிப் போனார். "இந்தப் பசங்கள எழுது கண்ணு. எங்களுக்காவது புள்ளகுட்டி கூட இருந்துச்சு. இவங்களுக்குக் குடும்பத்தக் கூட்டி வரவே விடலயாம்" என்றார். மாணவி தலைப்பை மாற்றிக்கொண்டு வந்து என்னிடம் அனுமதி கேட்டாள். ஆட்சேர்ப்புக் கடனைப் பற்றி, இரு நூற்றாண்டுகளின் சம்பளச் சீட்டுகளை ஒப்பிட்டு அவள் எழுதிய ஆய்வேட்டை இப்போது புதிய மாணவர்களுக்குப் பாடமாக வைத்திருக்கிறேன். அவள் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் சம்பளப் புகார்களைப் பதிவு செய்யும் வேலையில் சேர்ந்துவிட்டாள். வங்காள மொழியும் கற்றுக்கொண்டிருக்கிறாள்.